நல்ல பக்கம் வரட்டும்

அத்தை உயிரோடும் சுகமாகவும் இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கிறவர்களுக்கு நடுவில் போன் வரலாம், அடுப்பில் பால் பொங்கலாம், பாதியில் எழுந்து போக நேரலாம். அப்படிப் போகிறவர்கள் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. இப்படியெல்லாம் யோசிக்கிற புத்தியை எனக்குக் கொடுத்ததே அவள்தான்.

சொந்த அத்தை இல்லை. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வளவில் எங்களுக்கு எதிர்வீடு, அவ்வளவுதான். மாமா லாரி ஓட்டினார். எலுமிச்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போவார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமா வண்டிக்குப் போகிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னை அங்கே துணைக்கு அனுப்பிவிடுவாள். துணை என்பது பேருக்குத்தான். அத்தை சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். அவளுக்குத் தொண்டை கட்டினால் நான் வாசிப்பேன், அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் கெட்ட இடத்தில் மூடக் கூடாது. கதையில் யாராவது காட்டில் வழிதவறி நின்றால், காய்ச்சலில் கிடந்தால், ராட்சசன் கையில் சிக்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. புராணம் வாசிக்கிற வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. துக்கமான கட்டத்தில் ஏட்டைக் கட்டமாட்டார்கள், கல்யாணமோ முடிசூட்டோ வருகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் அன்றைக்கு முடிப்பார்கள். அத்தை அந்த வழக்கத்தை அச்சில் வருகிற சகலத்துக்கும் நீட்டிவிட்டாள்.

"எங்கனட்டி நிறுத்துத? அந்தப் பிள்ளை மரத்து மேல நிக்கி, கீழ கரடி நிக்கி. இப்படியே விட்டுட்டுப் போயிருவியா?"

"அம்மா கூப்பிடுதா அத்தை."

"கூப்பிடட்டும். நல்ல பக்கம் வரட்டும். தள்ளி வாசி."

நான் தள்ளி வாசிப்பேன். கரடி போய், பிள்ளை இறங்கி, வீட்டுக்கு வந்து, அதன் அம்மா சோறு போடுகிற இடம் வந்தால்தான் அத்தையின் முகத்தில் ரத்தம் ஊறும். "ம், இப்ப மூடு" என்பாள். மூடுவதையும் அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

தொடர்கதை என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. வாரப் பத்திரிகையில் வருகிற கதையைத் தொடமாட்டாள். அது முற்றும் போட்ட பிறகு, யாராவது கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தால் கேட்டு வாங்கி வாசிப்பாள். எங்கள் வீட்டு டிவியில் அம்மா பார்க்கிற சீரியல் முடிகிற நேரத்தில் எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்கும். நாளிதழை ராசிபலனில்தான் முடிப்பாள். அவளுடைய மீன ராசிக்கு அன்றைக்குப் பலன் சரியில்லை என்றால் கூச்சமே இல்லாமல் ரிஷபத்துக்குப் போய்விடுவாள்.

என் பாடப்புத்தகத்தையும் அவள் விடவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஒரு ராஜா போரில் செத்துப்போகிற இடத்தில் மணி அடித்து வகுப்பு முடிந்துவிட்டது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடுத்த ராஜா வந்து ஒரு குளமாவது வெட்டட்டும். வாசி."

குளம் வெட்டுகிற ராஜா வருவதற்குள் எத்தனையோ பேர் செத்தார்கள். நானும் விடாமல் வாசித்தேன். வகுப்பில் நடக்காத பாடமெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததைப் பார்த்து டீச்சர் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கூடுகிறபோது மற்ற பிள்ளைகளுக்கு வளையலும் பலூனும் கிடைக்கும். எனக்கு அத்தை பழைய புத்தகக் கடையில் கதைப்புத்தகம் வாங்கித் தருவாள். வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கத்தைத்தான் வாசித்துப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைக் குழைத்து அட்டையில் ஒரு பொட்டு வைப்பாள். நான் சிறுபிள்ளையில் விரும்பி வாசித்த புத்தகம் எல்லாவற்றிலும் அந்த மண்பொட்டு உண்டு. இப்போது புதுப்புத்தகம் வாங்கும்போதும் அட்டையில் ஏதோ குறைகிறதே என்று ஒரு கணம் தோன்றும்.

இதெல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, அந்த மழைநாள் வரைக்கும்.

ஐப்பசி அடைமழை. பள்ளிக்கூடம் விடுமுறை. மாமா முந்தின நாள் லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார். அத்தை பழைய பேப்பர் கடையிலிருந்து எடுத்துவந்த ஒரு சிறுவர் நாவலை இருவருமாக வாசித்துக்கொண்டிருந்தோம். பாழுங்கிணற்றில் விழுந்துவிட்ட ஒரு பையனின் கதை. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. மேலே ஆள் நடமாட்டமே இல்லை. கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. நான் பக்கத்தைத் திருப்பினேன். பின்னட்டைதான் இருந்தது. கடைசித் தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள்.

வழக்கமாகக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவள், இலவசமாகக் கிடைத்த சந்தோஷத்தில் இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விரித்தபடியே ஜன்னல் திண்டில் வைத்து, மேலே ஒரு டம்ளரை வைத்தாள்.

"மூடலல்லா. மூடாத வரைக்கும் ஒண்ணும் இல்ல. மிச்சப் பக்கத்தைத் தேடிக்கிடலாம்."

அந்த நேரத்தில் என் அம்மா வந்தாள். மலைப்பாதையில் மண்சரிவு, வண்டிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று டிவியில் ஓடுகிறது, மாமா எங்கே இருக்கிறார் என்று கேட்கத்தான் வந்தாள். அத்தை உடனே போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். அம்மா ஆறுதலாக ஏதோ பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். சாரல் அடித்துப் புத்தகம் நனைந்துகொண்டிருந்தது. வீட்டுப்பெண்கள் யாராயிருந்தாலும் செய்வதைத்தான் செய்தாள். டம்ளரை எடுத்துவிட்டு, புத்தகத்தை மூடி, முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அத்தை போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. அம்மா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்ன மதினி? நனையுதேன்னுல்லா எடுத்து வச்சேன்?"

அத்தை அம்மாவை வைததாக எனக்கு நினைவில்லை. அலமாரிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்னைப் பார்த்து, இவளைத் தனியே விடாதே என்று கண்ணால் காட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. எங்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது நிற்கிறபோதுதான் பயமாக இருக்கும். மழையைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"அத்தை, திரும்பவும் விரிச்சு வச்சிருவமா?"

"மூடுனது மூடுனதுதான் மக்கா."

"அப்ப மிச்சத்தை நான் சொல்லுதேன். அந்தப் பையனோட அம்மா வந்து சேலையைத் திரிச்சு உள்ள விட்டா. அவன் அதைப் பிடிச்சு…"

"சும்மா கட்டாத. அது அச்சுல இருக்கணும். அச்சுல இருந்தாத்தான் செல்லும்."

அந்த இருட்டில்தான் அவள் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். குருவிகுளம் பக்கம் அவர்கள் ஊர். இவள் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற காலம். டீக்கடைக்கு வருகிற வாரப் பத்திரிகையை வாங்கிவந்து தங்கைக்கு வாசித்துக் காட்டுவாள். அதில் ஒரு தொடர்கதை. வெள்ளத்தில் ஒரு சிறுமி படகில் போகிறாள். கயிறு அறுந்துவிடுகிறது. அதோடு அந்த வாரம் தொடரும் போட்டுவிட்டார்கள்.

"அவ கரையேறிருவாளா அக்கான்னு கேட்டா. அடுத்த வாரம் பாப்பம்னு சொல்லி மூடி வச்சிட்டேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். கண்ணு முழிக்கும்போதெல்லாம் அதையே கேக்கா. கரையேறிட்டாளா, கரையேறிட்டாளான்னு. அடுத்த வாரம் புஸ்தகம் வந்துது மக்கா. கேக்கதுக்கு ஆளு இல்ல."

அந்த இதழை அவள் பிரித்துப் பார்க்கவே இல்லையாம். படகுச் சிறுமி என்ன ஆனாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

நான் அழுதேன். அந்தத் தங்கைக்காகவா, கிணற்றுப் பையனுக்காகவா, மாமாவுக்காகவா என்று தெரியவில்லை. மூன்றும் என் மனசில் ஒன்றாகிவிட்டன. அந்தப் பையன் மேலே வந்தால்தான் மாமா வீட்டுக்கு வருவார் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

சாயங்காலம் நூலகம் திறந்ததும் குடை பிடித்துக்கொண்டு ஓடினோம். அந்தப் புத்தகம் அங்கே இல்லை. நூலகர் நாங்கள் கொண்டுபோன புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"இதைப் புளியங்குடி நூலகத்துல பாத்த ஞாபகம். அவசரமாம்மா? பரீட்சைக்கா?"

"ஆமா அண்ணாச்சி, பரீட்சைக்குத்தான்" என்றாள் அத்தை.

என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டு அவள் மட்டும் புளியங்குடி பஸ் ஏறினாள். அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. மாமா! மண்சரிவுக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரம்கட்டிவிட்டாராம். டவர் கிடைக்கவில்லையாம். ஒரு டீக்கடையில் பத்திரமாக இருக்கிறாராம். அம்மா போனை வைத்துவிட்டு, "கிறுக்கு மதினி, இந்த மழையில எங்கன போய் நிக்காளோ" என்று சொல்லிக்கொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகு பஸ் வந்தது. அத்தை தெப்பலாக நனைந்து இறங்கினாள். கையில் புத்தகம் இல்லை. அங்கே அவளுக்கு உறுப்பினர் அட்டை கிடையாதே, வீட்டுக்கு எடுத்துப்போக யார் கொடுப்பார்கள்? நின்றபடியே வாசித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அத்தை, மாமா பேசிட்டாவ! நல்லாருக்காவளாம்!"

அவள் என் தலையைத் தடவினாள். ஆச்சரியமே படவில்லை.

"தெரியும்" என்றாள். "பையன் மேல வந்துட்டான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதினவர் யாரோ எங்கேயோ உட்கார்ந்து அந்தப் பையனை மேலே கொண்டுவர மறந்திருந்தால்? புளியங்குடிப் புத்தகத்திலும் கடைசித் தாள் கிழிந்திருந்தால்? நான் உண்மையாகவே பயந்துபோனது அந்த பஸ் ஸ்டாண்டில்தான்.

ஊருக்குத் திரும்பிய மாமா கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்பார்.

"ஏட்டி, நல்ல பக்கமா? வண்டியை எடுக்கட்டா?"

"இரும், இன்னும் கல்யாணம் முடியல" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மாமா இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார். கிண்டல்தான். கிண்டலுக்காக ஒரு மனுஷன் ஆயுசு பூராவும் அப்படிக் காத்து நிற்கமாட்டான் என்பது எனக்கே கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது.

என் வாசிப்பு அப்படித்தான் வளர்ந்தது. கல்லூரி விடுதியில் தோழிகள் பாதிப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நான் யாராவது பிழைக்கிற வரைக்கும் விழித்திருப்பேன். இப்போது மதுரையில் வேலை. பஸ்ஸில் வாசித்துக்கொண்டே போய் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டது கணக்கில் அடங்காது. பிரசவத்துக்குப் போனபோது நர்ஸ் புத்தகத்தைப் பிடுங்க, ஒரே ஒரு பக்கம் என்று அந்த வலியிலும் கெஞ்சினேன். பயத்தில் வாசித்தவள் எப்போது ஆசையில் வாசிக்கத் தொடங்கினேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இரண்டும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

அதனால்தான் மகள் பிறந்து, எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் எனக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். பயத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றதை மட்டும் கொடுக்க முடியுமா? அவள் புலியின் குகை வாசலில் புத்தகத்தைப் போட்டுவிட்டு விளையாட ஓடுவாள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். அவள் அந்தப் பக்கம் போனதும் திருட்டுத்தனமாக எடுத்து நல்ல பக்கம் வரைக்கும் வாசித்து மூடுவேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா போன வருஷம் தவறிப்போனார். மலையில் இல்லை, மழையிலும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் போன் செய்தபோது அத்தை அழவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அன்னைக்கும் நல்ல பக்கத்துலதான் மக்கா மூடினேன்."

அதன்பிறகு அவள் எதையும் வாசிக்கவில்லை. பொட்டுவைத்த புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். ராசிபலன்கூடப் பார்ப்பதில்லையாம்.

இந்த ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தோம். மகளைக் கூட்டிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தாள், ஆனாலும் பிள்ளைக்குக் கைமுறுக்கு எடுத்துவைத்துக் காத்திருந்தாள். என்னைப் பார்த்து மகளும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். திருத்தினால் கேட்பதில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே தன் பையிலிருந்து படக்கதைப் புத்தகத்தை எடுத்து, "அத்தை, நான் வாசிக்கட்டா?" என்றாள். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஆற்றைக் கடக்கப்போகிற ஒரு ஆட்டுக்குட்டியின் கதை. மகள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். ஆட்டுக்குட்டி தண்ணீரில் இறங்குகிறது. நடு ஆற்றில் ஒரு முதலை வாயைத் திறக்கிறது. அந்த நேரத்தில் வாசலில் என் கணவரின் குரல்.

"பாப்பா, ராட்டினத்துக்குப் போலாமா?"

படக்கென்று புத்தகத்தை மூடிவிட்டுச் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினாள். எனக்கு "நில்லுடி" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு."

"அத்தை, முதலை…"

"எனக்கும் காது கேட்டுதுல்லா. பிள்ளைய விடு."

இருவரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அந்தப் புத்தகம். தபசுக் கூட்டத்தின் இரைச்சல் தெருமுனை வரைக்கும் வந்தது. மைக்கில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட பையன், பெற்றோர் வந்து கூட்டிப்போகவும். மஞ்சள் கவுன் போட்ட பெண்குழந்தை என்றபோது நான் பாதி எழுந்துவிட்டேன். என் மகள் போட்டிருந்தது சிவப்பு என்பது ஒரு கணம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. ராட்டினத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அது சந்தோஷத்தில் கத்துகிற சத்தம்தானா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மூன்று பக்கம் புரட்டினால் போதும். ஆட்டுக்குட்டி கரையேறிவிடும். என் இன்னொரு கை தானாகப் புத்தகத்துக்குப் போனது. அத்தை புத்தகத்தின்மேல் தன் மறு உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"நாம தொட்டம்னா நாளைக்கு அவளும் தொடுவா" என்றாள். "அவ புஸ்தகம். அவளே வந்து வாசிக்கட்டும்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்நாளிலேயே நீளமான நேரம் அதுதான். கடைசியில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் வாயைச் சுற்றிப் பஞ்சுமிட்டாய் நிறத்தோடு ஓடிவந்து, சொம்போடு தண்ணீரைத் தூக்கிக் குடித்தாள். நான் அவளை இழுத்து அணைக்காமல் இருக்க என்னை நானே பிடித்துவைத்துக்கொண்டேன். அத்தை கையை எடுத்து, புத்தகத்தை அவள் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"மிச்சம் வாசிக்கலையா மக்கா?"

மகள் புத்தகத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், ஒரு கொட்டாவி விட்டாள்.

"நாளைக்கு அத்தை."

அத்தை என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. வளையல் எலும்பில் பதிகிற மாதிரி அதை இறுக்கிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்.

"சரி மக்கா. நாளைக்கு."